டிரான்ஸிஸ்டர் கண்ட ஜான் பார்டீன்: என்ஜினீயரிங்கும் பௌதிகமும் சேரப் படித்தவர் வரலாறு

நம் சங்கத்து மூத்த வியாபாரிகளிடம் டிரான்ஸிஸ்டர் என்று சொன்னால் அவர்கள் மனக்கண்ணில் தோன்றுவது தோலுறை போட்ட, கையில் தூக்கிச் செல்லக்கூடிய சிறு ரேடியோப் பெட்டிதான். உண்மையில் அது ரேடியோவின் பெயரன்று. அதற்குள்ளே பட்டாணி அளவில் அடங்கியிருந்த ஒரு சாமானின் பெயர் அது. அந்தச் சாமானைக் கண்டுபிடித்தவர்களுள் முதன்மையானவர் ஜான் பார்டீன் என்ற அமெரிக்கர். பௌதிக சாஸ்திரத்துக்கான நோபல் பரிசை இரு முறை பெற்றவர் உலகத்தில் இன்று வரை அவர் ஒருவரே. அவருடைய வரலாற்றை இந்த இதழில் நாம் எழுத முற்பட்டதற்குக் காரணம் ஒன்று உண்டு.

சமீப காலமாக நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் என்ஜினீயரிங் பௌதிகம் என்றொரு பட்டம் பெற்று வருகிறார்கள். பாலம் கட்டும் என்ஜினீயர், மின்சார என்ஜினீயர் என்றால் நமக்குப் புரிகிறது. இது என்ன படிப்பு, பிள்ளை என்ஜினீயரா அல்லது வாத்தியாரா, இவனை வேலைக்கு அனுப்புவதா அல்லது மேலே படிக்க வைப்பதா, படிக்க வைத்தால் எந்தத் துறையில் என்று கடைக்கு வரும் வாப்பாமார் கேட்கிறார்கள். நம் தமக்கை மகனே இப்பொழுது ஒரு கையில் வேலைக் கடிதமும் மறு கையில் மேற்படிப்புக்கு இடமும் வைத்துக்கொண்டு நிற்கிறார். தமக்கைக்கு இரவில் தூக்கம் இல்லை. மச்சான் கடையைப் பிள்ளை பார்த்துக்கொள்வான் என்று இருந்தவர். இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்வதைவிட, இதே பாதையில் நடந்து போன ஒருவர் எங்கெங்கே திரும்பினார், ஏன் திரும்பினார் என்று பார்ப்பது மேல் என்று நமக்குத் தோன்றியது.

பார்டீன் 1908 மே மாதம் 23ஆம் தேதி, விஸ்கான்ஸின் மாகாணத்தின் தலைநகரான மாடிஸனில் பிறந்தார். தகப்பனார் சார்ல்ஸ் பார்டீன் அவ்வூர்ப் பல்கலைக் கழகத்து வைத்தியக் கல்லூரியின் முதல் தலைவர். ஆக, படிப்பில்லாத வீடு அன்று. பிள்ளை கணக்கில் மிகவும் கெட்டிக்காரனாக இருந்ததைக் கண்டு, மூன்றாம் வகுப்பிலிருந்து நேரே ஏழாம் வகுப்புக்கு ஏற்றிவிட்டார்கள். 1920இல் தாயார் அல்தியா புற்றுநோயால் இறந்தபோது ஜானுக்கு வயது 11. அந்தத் துக்கத்தில் படிப்புச் சிறிது தடுமாறினாலும், 1923இல், 15ஆம் வயதில், பல்கலைக் கழகத்தில் சேர்ந்துவிட்டார்.

அங்கே அவர் எடுத்தது மின்சார என்ஜினீயரிங். ஏன் எடுத்தார் என்பது கவனிக்க வேண்டியது. தகப்பனாரைப் போலக் கல்லூரிப் பேராசிரியராக வாழ அப்பொழுது அவருக்கு விருப்பம் இல்லை. என்ஜினீயரிங்கில் கணக்குக்கு நிறைய இடம் உண்டு, படித்து முடித்தால் வேலையும் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு அதைத் தேர்ந்தார். அதாவது நம்மில் எந்தத் தகப்பனாரும் சொல்லக்கூடிய அதே காரணம்தான். ஆனால் சேர்ந்த பிறகு என்ஜினீயரிங் பாடங்களோடு அவர் நிற்கவில்லை. கிடைத்த கணக்கு வகுப்பு, பௌதிக வகுப்பு எல்லாவற்றிலும் போய் உட்கார்ந்தார். அணுவின் உள்ளே நடப்பதைக் கூறும் குவாண்டம் சாஸ்திரம் ஐரோப்பாவில் அப்பொழுதுதான் பிறந்திருந்தது. அதை மாடிஸனில் வான் விளெக் என்ற பேராசிரியர் கற்பித்தார். இங்கிலாந்திலிருந்து வந்த டிராக் என்ற மேதையின் சொற்பொழிவுகளும் அவ்வூரில் நடந்தன. என்ஜினீயரிங் மாணவரான பார்டீன் இவற்றையெல்லாம் கேட்டார். இன்று என்ஜினீயரிங் பௌதிகம் என்று பெயர் சூட்டி ஒரே பட்டமாகக் கொடுக்கும் படிப்பை, அந்தக் காலத்தில் அவர் தாமே துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டார் என்று சொல்லலாம்.

படிப்பின் நடுவே ஒரு பருவம் விடுப்பு எடுத்துக்கொண்டு சிகாகோவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் என்ற டெலிபோன் சாமான் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். இதனால் பட்டம் தள்ளிப் போயிற்று. 1928இல் என்ஜினீயர் பட்டமும், 1929இல் அதே துறையில் எம்.எஸ். என்ற மேல்பட்டமும் பெற்றார். தொழிற்சாலையில் கழிந்த மாதங்கள் வீண் என்று யாரும் எண்ண வேண்டாம். எந்தப் பொருளும் கடைசியில் ஒருவன் கையால் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற நினைவு அவருக்குக் கடைசி வரை இருந்தது.

இதற்குள் அமெரிக்காவில் பெரும் வியாபார மந்தம் வந்துவிட்டது. மாடிஸனில் அவருக்குப் பாடம் சொன்ன லியோ பீட்டர்ஸ் என்ற பேராசிரியர், பிட்ஸ்பர்க் நகரத்தில் கல்ஃப் என்ற எண்ணெய்க் கம்பெனியின் ஆராய்ச்சிச்சாலைக்குப் போயிருந்தார். அவரைத் தொடர்ந்து பார்டீனும் 1930இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். மின்சார என்ஜினீயருக்கு எண்ணெய்க் கம்பெனியில் என்ன வேலை என்று கேட்கலாம். பூமிக்குள் எண்ணெய் எங்கே இருக்கும் என்று அறிய, தரையின் மேல் பல இடங்களில் பூமியின் காந்த சக்தியையும் ஈர்ப்பு சக்தியையும் அளப்பார்கள். இடத்துக்கு இடம் அளவில் மிகச் சொற்ப வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசத்தைக் கொண்டு, கீழே பாறை எப்படிப் படிந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அதுதான் பார்டீனின் வேலை. கருவியும் தெரிந்து கணக்கும் தெரிந்தவன்தான் இதற்குச் சரிப்படுவான். இன்றைக்கும் எண்ணெய் தேடும் கம்பெனிகள் பௌதிகம் படித்தவர்களை எடுத்துக்கொள்வது இதே காரணத்தால்தான்.

மூன்று வருஷம் அங்கே இருந்தார். நிலையான சம்பளம். ஊரெல்லாம் வேலையில்லாமல் ஜனங்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம் அது. அப்படிப்பட்ட 1933ஆம் வருஷத்தில் பார்டீன் அந்த வேலையை விட்டுவிட்டு, பிரின்ஸ்டன் பல்கலைக் கழகத்தில் கணித இலாகாவில் மாணவராகப் போய்ச் சேர்ந்தார். வயது 25. நம் தமக்கை இதைக் கேட்டால் அந்தப் பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்றுதான் கேட்பார்.

ஆனால் நாம் இதை வியாபாரக் கண்ணால் பார்க்கிறோம். ஒருவன் மூன்று வருஷம் ஒரு சரக்கை விற்றுப் பார்க்கிறான். லாபம் வருகிறது. ஆயினும் தன் கைக்கு ஏற்ற சரக்கு அது அல்ல என்று கண்டுகொள்கிறான். எண்ணெய்க் கம்பெனி வேலையில் பார்டீன் கற்றுக்கொண்டதில் முக்கியமானது, தமக்கு எது பிடிக்கிறது, எது தெரியவில்லை என்பதுதான். எதைப் படிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு மேற்படிப்புக்குப் போனார். வேலை கிடைக்காததால் போனவர் அல்லர், பட்டத்தை நீட்டிக்கொண்டு பொழுது போக்கப் போனவரும் அல்லர். இந்த வித்தியாசத்தைப் பெற்றோர் பார்க்க வேண்டும். வேலை கிடைக்கவில்லை, ஆகவே இன்னொரு பட்டம் என்று கிளம்பும் பிள்ளைக்குக் கைமுதலைக் கொடுப்பதை நாம் ஆதரிக்க மாட்டோம். ஒன்றிரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு இன்ன கேள்விக்கு விடை தேட வேண்டும் என்று வந்து நிற்கும் பிள்ளையின் விஷயம் வேறு.

பிரின்ஸ்டனில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் யூஜீன் விக்னர். ஹங்கேரி தேசத்தவர். இந்த விக்னருடைய கதையும் சுவையானது. அவருடைய தகப்பனார் புடாபெஸ்ட் நகரத்தில் தோல் பதனிடும் ஆலையை நிர்வகித்தவர். மகனும் அந்த ஆலைக்கு உதவியாக இருக்கட்டும் என்று பெர்லினில் ரசாயன என்ஜினீயரிங் படிக்க வைத்தார். மகனும் படித்து முடித்து, ஊருக்கு வந்து, தோல் ஆலையில் வேலை பார்த்தார். மனம் மட்டும் பௌதிகத்தில் இருந்தது. கடைசியில் அதற்கே போய், 1963இல் நோபல் பரிசும் வாங்கினார். தோல் வியாபாரக் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. இதை அவர்கள் கவனிக்க வேண்டும். ஆக, என்ஜினீயரிங்கிலிருந்து பௌதிகத்துக்கு வந்த ஒருவரிடம் என்ஜினீயரிங்கிலிருந்து பௌதிகத்துக்கு வந்த இன்னொருவர் மாணவராகச் சேர்ந்தார். பெரிய பல்கலைக் கழகத்தின் பெயர் ஒரு பக்கம் இருக்கட்டும். யாரிடம் படிக்கப் போகிறோம் என்பதுதான் மேற்படிப்பில் முதலாவதாக விசாரிக்க வேண்டியது.

விக்னரிடம் பார்டீன் எடுத்துக்கொண்ட விஷயம், ஓர் உலோகத்தின் மேற்பரப்பிலிருந்து எலெக்ட்ரானை வெளியே இழுக்க எவ்வளவு சக்தி வேண்டும் என்பது. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது. இந்த மேற்பரப்பு என்ற சொல்லை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வருகிறது. 1935 முதல் 1938 வரை ஹார்வர்டில் உபகாரச் சம்பளத்துடன் இளம் ஆராய்ச்சியாளராக இருந்தார். டாக்டர் பட்டம் 1936இல் கிடைத்தது. 1938இல், பிட்ஸ்பர்க்கில் இருந்த நாளில் அறிமுகமான ஜேன் மாக்ஸ்வெல் என்ற மாதரசியை மணந்தார். அதே வருஷம் மின்னசோட்டா பல்கலைக் கழகத்தில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தார். எந்த வாழ்க்கை வேண்டாம் என்று பதினைந்து வயதில் நினைத்தாரோ, அதே வாழ்க்கை முப்பதாம் வயதில் வந்து சேர்ந்தது.

அதுவும் நிலைக்கவில்லை. யுத்தம் வந்தது. 1941 முதல் 1945 வரை வாஷிங்டனில் கடற்படையின் ஆயுத ஆராய்ச்சிச்சாலையில் வேலை. கப்பலின் காந்த சக்தியால் வெடிக்கும் கடல் கண்ணிகளைப் பற்றிய ஆராய்ச்சி அங்கே நடந்தது. பூமியின் காந்த சக்தியை அளந்து எண்ணெய் தேடிய அனுபவம் இங்கே கைகொடுத்தது. பழைய கிட்டங்கியில் கிடந்த சரக்குக்குத் திடீரென்று கிராக்கி வந்தது போல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் முடிந்ததும் பல்கலைக் கழகத்துக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் பெல் டெலிபோன் ஆராய்ச்சிச்சாலை அதைவிட நல்ல சம்பளம் தருவதாக அழைத்தது. பிள்ளைகள் பிறந்து குடும்பம் பெருகியிருந்த நேரம். 1945 அக்டோபரில் நியூ ஜெர்ஸியில் மரே ஹில் என்னுமிடத்தில் போய்ச் சேர்ந்தார். இடநெருக்கடியால் அவருக்குத் தனி அறை கிடைக்கவில்லை. வால்டர் பிராட்டன் முதலியோருடன் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டார். பிராட்டன் கைவேலையில் நிபுணர், பரிசோதனைக்காரர். பார்டீன் கணக்கும் காரணமும் சொல்பவர். இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்ததால்தான் பிறகு நடந்தது நடந்தது என்று நமக்குப் படுகிறது.

அந்த நாளில் ரேடியோவிலும் டெலிபோன் நிலையத்திலும் சன்னமான மின்சார ஒலியைப் பெரிதாக்குவதற்கு வால்வு என்ற கண்ணாடிக் குழாய்களைப் பயன்படுத்தினார்கள். வால்வு ரேடியோவைத் திருப்பினால் சூடேறும் வரை காத்திருக்க வேண்டும். மின்சாரம் தின்னும், இடத்தை அடைக்கும், எரிந்தும் போகும். இதற்குப் பதிலாக ஜெர்மேனியம் போன்ற ஒரு கட்டிப் பொருளைக் கொண்டே அந்த வேலையைச் செய்ய முடியுமா என்பது கேள்வி. அவர்கள் குழுவின் தலைவர் வில்லியம் ஷாக்லி ஒரு யோசனை சொல்லியிருந்தார். கணக்குப்படி அது வேலை செய்ய வேண்டும், செய்யவில்லை. ஏன் என்று பார்டீன் 1946இல் காரணம் கண்டார். எலெக்ட்ரான்கள் அந்தக் கட்டியின் மேற்பரப்பிலேயே போய்ச் சிக்கிக்கொண்டு, வெளியேயிருந்து வரும் மின்சக்தி உள்ளே எட்டாமல் தடுத்துவிடுகின்றன என்பது அவர் கருத்து. விக்னரிடம் மாணவராக இருந்தபோது பத்து வருஷத்துக்கு முன் உலோக மேற்பரப்பைப் பற்றி எழுதியவருக்கல்லவா இது தோன்றும்!

காரணம் தெரிந்த பிறகு ஒன்றரை வருஷம் இருவரும் விடாமல் முயன்றார்கள். கடைசியில் பிராட்டன் ஒரு முக்கோணப் பிளாஸ்டிக் துண்டின் விளிம்பில் தங்கத் தகட்டை ஒட்டி, முனையில் சவரப் பிளேடால் மெல்லிய கீறல் போட்டு, தகட்டை இரண்டாகப் பிரித்தார். ஒன்றுக்கொன்று மயிரிழை தூரத்தில் இரண்டு தங்க முனைகள். அதை ஒரு ஸ்பிரிங்கால் ஜெர்மேனியக் கட்டியின் மேல் அழுத்தினார். 1947 டிசம்பர் 16ஆம் தேதி அது வேலை செய்தது. ஒரு முனையில் கொடுத்த சிறு மின்சாரம் மறுமுனையில் பெரிதாகி வந்தது. வாய்க்காலில் சிறு மடையைத் திறந்து மூடுவதால் பெருந்தண்ணீரை ஆள்வது போல என்று சொன்னால் ஓரளவு விளங்கும். டிசம்பர் 23ஆம் தேதி மேலதிகாரிகள் முன்னிலையில் பேச்சுக் குரலை அதன் வழியே பெரிதாக்கிக் காட்டினார்கள். 1948 ஜூன் 30ஆம் தேதி உலகத்துக்கு அறிவித்தார்கள். பத்திரிகைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நிற்க, இதில் பார்டீனுக்கு என்ன ஆதாயம் கிடைத்தது என்று வியாபாரிகளாகிய நாம் கேட்காமல் இருக்க முடியாது. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவன் கண்டுபிடித்தது கம்பெனிக்குச் சொந்தம். 1952இல் அந்தக் கம்பெனி, டிரான்ஸிஸ்டர் செய்யும் முறையைக் கற்றுக்கொள்ள விரும்பிய மற்றக் கம்பெனிகளிடம் 25,000 டாலர் முன்பணம் வாங்கிக்கொண்டு அனுமதி வழங்கிற்று. 1954இல் அமெரிக்காவில் நான்கு டிரான்ஸிஸ்டர் வைத்த முதல் சிறு ரேடியோ 49.95 டாலருக்குக் கடைக்கு வந்தது. 1955இல் ஜப்பானில் பின்னாளில் சோனி என்று பெயர் மாற்றிக்கொண்ட கம்பெனி தன் ரேடியோவை விற்கத் தொடங்கியது. அதன் பிறகு நம் நாட்டுக் கடைத்தெருக்களில் நடந்த வியாபாரத்தை மூத்தவர்கள் அறிவார்கள். கடைக்காரருக்கு லாபம் வந்தது, ஜப்பானியருக்கு வந்தது. விற்ற ஒவ்வொரு பெட்டிக்கும் பார்டீனுக்குப் பங்கு என்று எதுவும் வரவில்லை. வேலைக்குப் போகும் பிள்ளைகள் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில் இந்த விஷயம் எப்படி எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்ப்பது நல்லது.

ஆதாயம் போகட்டும், மரியாதையாவது இருந்ததா என்றால், அதிலும் சங்கடம் வந்தது. தாம் இல்லாமல் தம் கீழிருந்த இருவர் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது தலைவரான ஷாக்லிக்குப் பொறுக்கவில்லை. அவரும் மேதைதான்; சில வாரங்களுக்குள் அதைவிட மேலான வேறொரு வகை டிரான்ஸிஸ்டரை யோசித்து முடித்துவிட்டார். ஆனால் அந்த வேலையில் பார்டீனையும் பிராட்டனையும் அண்டவிடவில்லை. பார்டீன் சண்டைக்காரர் அல்லர். மெல்லிய குரலில், வார்த்தையை எண்ணிப் பேசுகிறவர். அவருடைய மாணவர்கள் அவருக்குக் கிசுகிசு ஜான் என்றே பெயர் வைத்திருந்தார்கள். கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்தார். பெயர் பெற்ற ஆராய்ச்சிச்சாலை, நல்ல சம்பளம், எல்லாம் இருந்தும் தமக்கு வேண்டிய வேலையைச் செய்ய விடவில்லை என்று உறுதியானதும், 1951இல் விட்டு விலகினார். பழைய பிரின்ஸ்டன் சிநேகிதர் பிரெடரிக் ஸைட்ஸ் இருந்த இல்லினாய் பல்கலைக் கழகத்துக்குப் போனார். அங்கே அவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு இலாகாக்களில் பேராசிரியர் பதவி கொடுத்தார்கள்: மின்சார என்ஜினீயரிங் ஒன்று, பௌதிகம் மற்றொன்று. நீ என்ஜினீயரா, பௌதிகக்காரனா என்ற கேள்விக்கு அந்தப் பல்கலைக் கழகம் கொடுத்த விடை அது.

ஷாக்லியின் கதையை இங்கே இரண்டு வரியில் சொல்லிவிடுவோம், ஏனெனில் அதன் வால் பினாங்கு வரை நீண்டிருக்கிறது. அவர் கலிபோர்னியாவுக்குப் போய்ச் சொந்தக் கம்பெனி வைத்தார். அங்கேயும் அவருடைய நடத்தை பொறுக்காமல் 1957இல் எட்டுப் பேர் ஒரே சமயத்தில் விலகிப் போய் ஃபேர்சைல்ட் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். அந்த எட்டில் இருவர் 1968இல் இன்டெல் கம்பெனியை அமைத்தார்கள். இன்டெல் 1972இல் பினாங்கில் பாயான் லெப்பாசில் தன் தொழிற்சாலையைத் திறந்தது. பினாங்கில் இன்று எத்தனையோ பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கும் சில்லுத் தொழில் அந்த நாளில் வேரூன்றியதுதான். அந்தச் சில்லுகள் பலவற்றில் கோடிக்கணக்கான டிரான்ஸிஸ்டர்கள் இருக்கின்றன.

இனி பார்டீனின் இரண்டாவது பெருவேலையைப் பார்ப்போம். 1911இல் ஹாலந்து தேசத்தில் ஒரு விநோதம் கண்டிருந்தார்கள். பாதரசத்தை மிகக் கடுமையாகக் குளிரச் செய்தால், அதில் ஓடும் மின்சாரத்துக்கு எந்தத் தடையும் இல்லாமல் போய்விடுகிறது. சுற்றிவிட்ட மின்சாரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏன் என்று ஐன்ஸ்டைன் உட்பட எத்தனையோ மேதைகள் யோசித்தும் பிடிபடவில்லை. பார்டீன் 1930களிலேயே இதைத் தொட்டுப் பார்த்து, யுத்தத்தால் விட்டுவிட்டவர். இல்லினாயில் மீண்டும் எடுத்தார். தமக்குத் தெரியாத புதுக் கணித முறைகள் தெரிந்த ஒருவர் வேண்டுமென்று லியோன் கூப்பர் என்ற இளைஞரை 1955இல் வரவழைத்தார். ராபர்ட் ஷ்ரீஃபர் என்ற மாணவரும் சேர்ந்துகொண்டார். இந்த ஷ்ரீஃபரும் முதலில் மின்சார என்ஜினீயரிங்கில் சேர்ந்து, பாதியில் பௌதிகத்துக்கு மாறியவர்தான். பார்டீன் கொடுத்த பத்து விஷயங்கள் கொண்ட பட்டியலில் பத்தாவதாக இருந்த இதை அவர் தேர்ந்தெடுத்தார்.

இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1956 நவம்பர் முதல் தேதி காலையில், பார்டீன் வீட்டில் முட்டை பொரித்துக்கொண்டிருந்த நேரம், டிரான்ஸிஸ்டருக்காக அவருக்கும் பிராட்டனுக்கும் ஷாக்லிக்கும் நோபல் பரிசு என்று ரேடியோவில் செய்தி வந்தது. கையிலிருந்த சட்டி கீழே விழுந்தது. ஸ்வீடனில் பரிசளித்த மன்னர், பிள்ளைகள் எல்லாரையும் ஏன் அழைத்து வரவில்லை என்று செல்லமாகக் கடிந்துகொண்டாராம். அடுத்த முறை எல்லாரையும் கூட்டி வருவதாக பார்டீன் பதில் சொன்னார். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள்.

அவர் ஸ்வீடனுக்குப் புறப்படும் சமயம் மாணவர் ஷ்ரீஃபர் மனம் தளர்ந்திருந்தார். விடை கிடைக்கிற வழியாக இல்லை, வேறு விஷயம் எடுத்துக்கொண்டு பட்டத்தை முடித்துவிடலாமா என்று யோசித்தார். பார்டீன் அவரை அதட்டவில்லை. தாம் திரும்பி வரும் வரை இன்னும் ஒரு மாதம் முயன்று பார்க்குமாறு கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு, 1957 ஆரம்பத்தில், நியூயார்க் நகரத்துச் சுரங்க ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது ஷ்ரீஃபருக்கு அந்த விடையின் திறவுகோல் தோன்றிற்று. எலெக்ட்ரான்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து, எல்லா ஜோடிகளும் ஒன்றுபோல் நகர்கின்றன என்பது அதன் சாரம். மூவர் பெயராலும் அவ்வருஷமே முழு விளக்கமும் அச்சாயிற்று. ஆஸ்பத்திரியில் உடலுக்குள் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் பெரிய காந்தங்கள் இந்தத் தடையில்லா மின்சாரத்தால்தான் இயங்குகின்றன. 1972இல் இதற்காக மூவருக்கும் நோபல் பரிசு வந்தது. மன்னருக்குச் சொன்னபடி பார்டீன் இம்முறை மூன்று பிள்ளைகளையும் அழைத்துச் சென்றார். வந்த பணத்தில் பெரும்பகுதியை, இந்தத் துறையில் தமக்கு முன் உழைத்த ஃபிரிட்ஸ் லண்டன் என்பவரின் பெயரால் சொற்பொழிவுகள் நடக்கக் கொடுத்துவிட்டார்.

அவருடைய மாணவர்கள் போன வழிகளையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஷ்ரீஃபர் பேராசிரியர் ஆனார். இல்லினாயில் பார்டீனிடம் முதல் மாணவராகச் சேர்ந்தவர் நிக் ஹோலோனியாக், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். என்ஜினீயரிங் பட்டதாரியான அவர் பெல் ஆராய்ச்சிச்சாலை, பிறகு ராணுவம், பிறகு ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி என்று போனார். 1962இல் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி. விளக்கைச் செய்து காட்டினார். நம் கடைகளில் இப்பொழுது விற்கும் எல்.இ.டி. பல்புகளின் தலைமுறை அங்கேயிருந்து வருவது. 1963இல் இல்லினாய்க்கே திரும்பினார். ஒரே ஆசிரியரிடம் படித்து ஒருவர் முழுப் பௌதிகத்துக்கும் ஒருவர் முழு என்ஜினீயரிங்குக்கும் போனார்கள். இரண்டும் சரியாகவே இருந்தன.

இனி பெற்றோர் கேட்கும் பண விஷயம். அமெரிக்கப் பல்கலைக் கழகங்களில் பௌதிகத்திலோ என்ஜினீயரிங்கிலோ டாக்டர் பட்டத்துக்குப் படிப்பவர்களுக்குப் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. கீழ் வகுப்புக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதற்கும் ஆராய்ச்சி உதவிக்கும் ஜீவனத்துக்குப் போதுமான தொகை கொடுப்பார்கள். ஐந்தாறு வருஷம் ஆகும். எம்.எஸ். பட்டத்தோடு நிற்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் சொந்தப் பணம் வேண்டியிருக்கிறது. இது தெரியாமல் வீட்டை அடமானம் வைப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் உண்டு. வேலை என்று பார்த்தால், சில்லுத் தொழிற்சாலை, ஒளிக் கருவிகள், எண்ணெய் தேடுதல், ஆஸ்பத்திரிக் கருவிகள் என்று பல இடங்களில் இந்தப் பட்டதாரிகளை எடுக்கிறார்கள். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் இடத்தில் வேலை செய்ய வேண்டுமானால் மட்டும் அதற்கென்று மேற்படிப்பு வேண்டும். என்ன ஒரு குறை என்றால், வேலை விளம்பரங்களில் என்ஜினீயரிங் பௌதிகம் என்ற பெயர் அதிகம் வருவதில்லை. மின்சாரம், பொருளியல்பு, கருவி என்று வேறு பெயர்களில் வரும். பிள்ளை தமக்கு எந்தக் கருவி தெரியும், எந்தக் கணக்கு தெரியும் என்று எடுத்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். நல்ல சரக்கானாலும் கடை வாசலில் எழுதி வைக்காவிட்டால் யார் கேட்பார்கள்?

பார்டீன் கல்லூரியோடு ஒதுங்கி இருக்கவில்லை. பிற்காலத்தில் ஜெராக்ஸ் கம்பெனிக்கு ஆலோசகராகவும், 1961 முதல் 1974 வரை அதன் இயக்குநர் சபை அங்கத்தினராகவும் இருந்தார். பேராசிரியராக இருந்துகொண்டே தொழிலுக்கும் ஆலோசனை சொன்னார். 1975இல் ஓய்வு பெற்ற பின்னும் ஆராய்ச்சியை விடவில்லை. கோல்ஃப் விளையாட்டில் அவருக்கு மிகுந்த பிரியம். அக்கம்பக்கத்தார் பலருக்கு அவர் நன்றாக இறைச்சி சுட்டுக் கொடுக்கும் அமைதியான மனிதர் என்றுதான் தெரியும். இரண்டாவது பரிசுச் செய்தி வந்த 1972ஆம் வருஷத்து நாளில், நிருபர்களைச் சந்திக்கக் காரில் கிளம்பினாராம். டிரான்ஸிஸ்டரால் திறக்கும் அவர் வீட்டுக் கார்க் கொட்டகைக் கதவு அன்று திறக்கவில்லை. கண்டுபிடித்தவருக்கே அப்படி என்றால், பழுதான பெட்டியைத் தூக்கிக்கொண்டு நம் கடைக்குச் சண்டைக்கு வரும் வாடிக்கையாளரிடம் நாம் என்ன சொல்வது!

1989இல் சோனி கம்பெனி பார்டீனின் பெயரால் ஒரு பேராசிரியர் பீடம் அமைக்க இல்லினாய் பல்கலைக் கழகத்துக்கு 30 லட்சம் டாலர் கொடுத்தது. அந்தப் பீடத்தில் முதலில் அமர்ந்தவர் அவருடைய முதல் மாணவர் ஹோலோனியாக். பார்டீன் 1991 ஜனவரி 30ஆம் தேதி பாஸ்டன் நகரத்தில், 82ஆம் வயதில் காலமானார். பிறந்த ஊரான மாடிஸனில் அடக்கம் செய்தார்கள். அவர் நாற்பது வருஷம் இருந்த இல்லினாயில் என்ஜினீயரிங் பௌதிகம் என்ற பெயரிலேயே இன்று ஒரு பட்டம் வழங்குகிறார்கள். அதைப் பௌதிக இலாகா நடத்துகிறது, பட்டம் கொடுப்பது என்ஜினீயரிங் கல்லூரி.